எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணியாச்சுன்னா ஆவணக் காப்பாளருக்கு அப்புறம் என்ன வேலை?

நீலமை:
எல்லாருக்கும் வணக்கம். டிகிரில வரலாறு முடிச்சிருக்கேன், அடுத்து ஆவணக்காப்பகவியல் படிக்கலாம்னு ரொம்ப நாளா ஆசை. ஆனா யார்கிட்ட சொன்னாலும் ஒரே கேள்விதான், பழைய பேப்பரையெல்லாம் ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்திட்டா அப்புறம் உனக்கு அங்க என்ன வேலைன்னு. எனக்கும் பதில் சொல்லத் தெரியல. இதுல ஏஐ வேற கையெழுத்தைக்கூட படிக்குதாம். இந்த ஃபீல்டுல இருக்கறவங்க யாராவது நெட் வந்ததுக்கப்புறம் நெஜமா என்ன மாறிச்சுன்னு சொல்லுங்களேன்.

காகிதப்பூச்சி:
இந்த வேலைலதான் இருக்கேன். ஸ்கேன் பண்றது இதுல சின்ன பங்கு. ஒரு கடித ஃபைலை எடுத்துக்கோங்க, துருப்பிடிச்ச பின்னை கழட்டணும், மடிப்பை மெதுவா விரிக்கணும், எந்த வரிசைல வந்துச்சோ அதே வரிசைல நம்பர் போடணும், பின்பக்கம் காலியா தெரிஞ்சாலும் திருப்பிப் பாக்கணும், ஏன்னா "பதில் போட்டாச்சு"ன்னு பென்சில்ல தேதியோட யாராவது கிறுக்கி வச்சிருக்கறது அங்கதான். அவசரமா ஸ்கேன் பண்ண கலெக்‌ஷன் பலதுல பின்பக்கமே இருக்காது. இதெல்லாம் முடிஞ்சு யார் எழுதினது, யாருக்கு, எந்த ஆபீஸ் ஃபைல்லேருந்து வந்ததுன்னு விவரம் எழுதணும், அது இல்லன்னா வெறும் நம்பர் போட்ட ஒரு படம், தேடினாலும் கிடைக்காது.

எங்க தொழில்ல ஒரு பழைய விதி உண்டு, 1841-லயே பிரான்ஸ்ல உத்தரவா போட்டது: ஒரு இடத்துலேருந்து வந்த ஆவணத்தை இன்னொரு இடத்ததோட கலக்காதே. நெட் அதைத்தான் ஆட்டிப் பாக்குது. முன்னாடி ஆய்வாளர் நேர்ல வருவார், பெட்டியை வாங்கி, அந்தக் கடிதத்துக்கு முன்னாடி இருக்கறது பின்னாடி இருக்கறது எல்லாம் புரட்டுவார். இப்ப கூகுள் நேரா பதினேழாவது பக்கத்துல கொண்டுபோய் இறக்கி விடுது, அதை வெட்டி வாட்ஸ்அப்ல போட்டா அது எந்த ஃபைல்ல இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அதனால ஒவ்வொரு பக்கத்துக்கும் அதோட ஃபைல், அதோட துறைன்னு திரும்பிப் போற வழியை நாமதான் கட்டி வைக்கணும். படிக்கறவர் முகத்தையே பாக்காம இதைப் பண்றோம், அதான் பெரிய மாற்றம்னு எனக்குத் தோணுது.

பிட்_அரிப்பு:
எல்லாரும் ஸ்கேனையே பேசுறோம், இன்னிக்கு உருவாகற ஆவணத்துல பேப்பரே கிடையாதே! அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகம் 2024 ஜூன் 30-க்கப்புறம் அரசுத் துறைகள்கிட்டேருந்து, சில விலக்கு தவிர, பேப்பர் வாங்கறதில்ல. பேப்பரை ஈரமில்லாத அறைல மறந்துட்டுப் போனாலும் அம்பது வருஷம் கழிச்சு படிச்சிடலாம், டிஸ்க்கை அப்படி மறக்க முடியாது. பிபிசி 1986-ல பிரிட்டன் மக்கள் வாழ்க்கையைப் பத்தின விவரங்களை டோம்ஸ்டே ப்ராஜெக்ட்டுன்னு லேசர் டிஸ்க்ல போட்டாங்க, பதினஞ்சு வருஷத்துலயே அதைப் படிக்கற மெஷின் கிடைக்கறது கஷ்டமாயிடுச்சு, அப்புறம் அந்தப் பழைய மெஷின் மாதிரியே நடந்துக்கற எமுலேட்டர்ங்கற ப்ரோகிராம் எழுதித்தான் மீட்டாங்க. 1086-ல எழுதின ஒரிஜினல் டோம்ஸ்டே புக், அதாவது இங்கிலாந்தோட நிலக் கணக்குப் பதிவேடு, இப்பவும் படிக்கற மாதிரி இருக்கு.

என் வேலை எப்படின்னா, ஒரு எழுத்தாளரோட பழைய ஹார்ட் டிஸ்க் வந்தா சும்மா கம்ப்யூட்டர்ல செருகக்கூடாது, செருகினாலே சில ஃபைலோட தேதி மாறிடும். டிஸ்க்ல எதுவும் எழுதப்படாம தடுக்கற ரைட் பிளாக்கர் மாட்டி முழு டிஸ்க்கையும் அப்படியே நகலா (இமேஜ்) எடுத்து, செக்சம்னு ஃபைலுக்கு கைரேகை மாதிரி ஒரு நம்பர் கணக்கு போட்டு வைப்போம், நாளைக்கு ஒரு கமா மாறினாலும் அந்த நம்பர் ஒத்துப்போகாது. சங்கடம் எங்கன்னா அந்த இமேஜ்ல அவர் டெலீட் பண்ண ஃபைலும் எழுந்து வரும். குடுத்தவருக்கே அது தெரியாது. அதை வச்சுக்கலாமா, யார்கிட்ட கேக்கறது? இதை எந்த சாஃப்ட்வேரும் முடிவு பண்ணாது.

சும்மா_வந்தவன்:
ஓவரா பில்டப் பண்றீங்க ப்ரோ. நெட்ல இருக்கறதை இன்டர்நெட் ஆர்க்கைவ் எடுத்து வச்சுக்கும், மத்ததை கிளவுட்ல போட்டா போச்சு.

பிட்_அரிப்பு:
@சும்மா_வந்தவன் அவங்க 1996-லேருந்து பண்றது பெரிய வேலைதான், மறுக்கல. ஆனா லாகின் பண்ணி உள்ள போற பக்கம், க்ரூப் மெசேஜ் எல்லாம் அதுல வராது. கிளவுட்னா இன்னொருத்தர் கம்ப்யூட்டர்தானே, மைஸ்பேஸ்ங்கற சோஷியல் மீடியா சைட் சர்வர் மாத்தும்போது 2016-க்கு முன்னாடி ஜனங்க ஏத்தின பாட்டு, போட்டோ எல்லாம் போச்சுன்னு 2019-ல வெளில வந்துச்சு. சரி எல்லாத்தையும் சேத்து வைப்போம்னாலும் முடியல, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010-ல பப்ளிக் ட்வீட் மொத்தத்தையும் எடுத்துக்கறோம்னு ஆரம்பிச்சு 2018-லேருந்து தேர்ந்தெடுத்துதான் சேக்கறோம்னு மாத்திக்கிட்டாங்க. எதை வைக்கறது எதை விடறதுன்னு ஒருத்தர் உக்காந்து யோசிக்கணும்ல, அதுக்குத்தான் சம்பளம்.

காகிதப்பூச்சி:
ஏஐ பத்தி கேட்டிருந்தீங்க. டிரான்ஸ்கிரிபஸ் மாதிரி டூல் கையெழுத்தை நல்லாவே படிக்குது, தேடறதுக்கு ரொம்ப உதவி. ஆனா ஊர் பேரு, ஆள் பேருல தடுமாறும், தடுமாறினதை சொல்லாம அடிச்சு விடும். அப்புறம் இன்னொண்ணு, பழைய ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரை வாசிப்பறைல ஒருத்தர் பாக்கறதும் ஊரே பேரை அடிச்சுத் தேடறதும் ஒண்ணு இல்ல. எதை நெட்ல ஏத்தக் கூடாதுங்கறதும் இப்ப எங்க வேலை.

நீலமை:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்! அப்ப ப்ரோகிராமிங் கத்துக்கணுமா? எனக்கு எக்செல் மட்டும்தான் தெரியும்.

பிட்_அரிப்பு:
எக்செல்ல ஆரம்பிங்க, கசமுசான்னு இருக்கற தேதி நெடுவரிசையை சுத்தம் பண்ணத் தெரிஞ்சாலே பாதி கிணறு தாண்டின மாதிரி. அப்புறம் கமாண்ட் லைன் (கட்டளையை டைப் பண்ணி கம்ப்யூட்டரை இயக்கறது), எக்ஸ்எம்எல் (விவரத்தை டேக் போட்டு எழுதற முறை), கொஞ்சம் பைத்தான் ப்ரோகிராமிங். வரலாறு படிச்சது வேஸ்ட் இல்ல, எந்த ஃபைல் முக்கியம்னு தெரியறது அதுலேருந்துதான். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், டிஜிட்டைசேஷன் வேலை பலது ப்ராஜெக்ட் கான்ட்ராக்ட், ஃபண்டு முடிஞ்சா ஆளை அனுப்பிடுவாங்க, சர்வரும் ஃபைலும் மட்டும் பாத்துக்க ஆளில்லாம கிடக்கும். அதனால கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஆவணத்தைக் கெடாம பாதுகாக்கறது தனி பாடமா இருக்கா, பழைய டிஸ்க்கை கையில குடுத்து செய்ய விடறாங்களான்னு கேளுங்க, முடிச்சவங்க எங்க நிரந்தர வேலைல இருக்காங்கன்னும் கேட்டுக்கோங்க.