காட்மியம் கொடுத்தும் அசையாத நொதி: உதவி தேவை

வணக்கம். ஜிலேபிக் கெண்டையின் சிறுநீரகத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பைக் காட்மியம் எவ்வளவு முடக்குகிறது என்று அளந்துகொண்டிருக்கிறேன். 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் இந்த நொதி முடங்கினால், நன்னீர் மீன் சிறுநீரோடு உப்பையும் இழக்கும். என் சோதனைக் குழாயிலோ அது முடங்க மறுக்கிறது! நொதி ஏடிபியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உடைக்கும்போது வெளிவரும் பாஸ்பேட்டைத்தான் அளக்கிறேன்; 10 மைக்ரோமோலார் காட்மியம் சேர்த்தும் அந்த அளவு இறங்கவில்லை. இந்தப் பம்ப்பைக் குறிப்பாக முடக்கும் ஊவாபெய்ன் என்ற நஞ்சைச் சேர்த்தால் மட்டும் ஒழுங்காக இறங்குகிறது. ஆக, நொதி உயிரோடுதான் இருக்கிறது. (இரத்த அணுக்கள் உருவாகும் தலைச் சிறுநீரகத்தை முன்பே வெட்டி ஒதுக்கிவிட்டேன்.)

நேற்று இரவு புட்டியின் லேபிளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. திசுவை அரைக்கும் கரைசலில் 10 மில்லிமோலார் ஈடிடிஏ, அதாவது உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்! 20 மடங்கு நீர்த்த பிறகும் அது காட்மியத்தைவிட 50 மடங்கு அதிகம். போட்டதையெல்லாம் அதுவே கவ்விக்கொண்டிருக்க வேண்டும்.

ஈடிடிஏ இல்லாமல் அரைத்தால் புரதச் சிதைவு நொதிகள் வேலையைக் கெடுத்துவிடுமா? மையவிலக்கியில் சுற்றி, நொதி இருக்கும் சவ்வைக் கழுவி ஈடிடிஏவை நீக்கியவர்கள் யாரேனும் உண்டா? எத்தனை முறை கழுவினீர்கள்? பாஸ்பேட் பஃபரை மட்டும் சொல்லாதீர்கள். போன மாதம் அதில் கழுவி, பிளாங்க் (நொதி வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழாயின் அளவு) எகிறி, ஒரு வாரம் வீணானது.