புதுப்பிப்பு: பெட்ரோலிய எமல்சிஃபையர் இல்லாத லோஷன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: வீட்டு லோஷனில் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்க, பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பி.ஈ.ஜி (பாலிஎத்திலீன் கிளைகால்) வகை எமல்சிஃபையருக்குப் பதில் தாவரத்திலிருந்து வருவது எது? பலர் சொன்னது லெசித்தின், ஆலிவ் எமல்சிஃபையர். இரண்டையும் செய்து பார்த்தாயிற்று.

சூரியகாந்தி லெசித்தின் எனக்குச் சரிவரவில்லை. மஞ்சள் நிறம், பிசுபிசுப்பு, லேசான வாடை. சில நாளில் மேலே எண்ணெய் கட்டியது. துணைக்கு இருக்கலாம், தனியாகக் கஷ்டம்.

ஆலிவ் எமல்சிஃபையர், அதாவது செட்டியரில் ஆலிவேட்டும் சார்பிடன் ஆலிவேட்டும் கலந்த அந்த வெள்ளைச் செதில்தான் ஜெயித்தது. மொத்த எடையில் 5 சதவீதம். எண்ணெய், தண்ணீர் இரண்டையும் தனித்தனியே 70-75 டிகிரிக்குச் சூடாக்கிச் சேர்த்து, ஆறும்வரை கலக்க வேண்டும். அவசரப்பட்டால் திரியும். தேய்க்கும்போது கொஞ்சம் வெள்ளையாக நுரைக்கிறது, அது பரவாயில்லை. பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) மட்டும் கட்டாயம். தண்ணீர் இருக்கும் எதிலும் பூஞ்சை வரும்.

கடையில் கிடைக்கும் மெழுகு மாதிரியான எமல்சிஃபையரைப் பற்றி ஒருவர் "எமல்சிஃபையிங் வேக்ஸ் தாவரம்தானே?" என்று கேட்டிருந்தார். லேபிளைப் பாருங்கள். பாலிசார்பேட் 60, செட்டியரெத்-20 என்று இருந்தால் கொழுப்பு தேங்காயிலிருந்தோ பனையிலிருந்தோ வந்திருக்கலாம், ஆனால் எத்திலீன் ஆக்சைடு சேர்த்துச் செய்தது. அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. கரும்பு மொலாசஸ் ஆல்கஹாலிலிருந்தும் எடுக்கிறார்கள், உத்தராகண்ட் காசிப்பூரிலேயே அப்படி ஓர் ஆலை உண்டு. மூலம் கரும்பானாலும் 1,4-டையாக்சேன் (புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் துணைப்பொருள்) எச்சம் வர வாய்ப்பு அப்படியேதான். தயாரிப்பாளர் அதை நீக்கியாக வேண்டும்.

அடுத்து செட்டியரில் குளுக்கோசைடு என்ற இன்னொரு எமல்சிஃபையரைப் பார்க்கப்போகிறேன். பயன்படுத்தியவர்கள் இருந்தால் எத்தனை சதவீதம் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.