சொந்தப் பணத்தை எடுக்கத் தன்னையே மெய்ப்பிக்க வேண்டியவர்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

மூத்த மகள்

அம்மாவின் வங்கி விவகாரத்தை எங்காவது எழுதிவிட்டால்தான் எனக்கு மனம் ஆறும் போலிருக்கிறது. அரசு உதவித்தொகையும் தம்பி அனுப்பும் பணமும் வந்து சேர்கிற கணக்கு அது. ஏடிஎம் அட்டை காலாவதியாகிவிட்டதால் வங்கி முகப்பில்தான் (கவுண்டரில்) எடுக்க வேண்டியிருந்தது. அடையாள அட்டையைக் கருவியில் செருகி, வலது கட்டை விரலை வைத்ததும் ரேகை பொருந்தவில்லை என்று வந்தது. இடது விரலுக்கும் அதே பதில். அதிகாரி ஈரத்தாளைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார், பிறகு நெற்றியில் விரலைத் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு வைத்துப் பார்க்கச் சொன்னார். என்ன செய்தும் கருவி ஒத்துக்கொள்ளவில்லை.

இதுவரை நடந்தது பலருக்கும் நடப்பதுதான். என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. அந்த அதிகாரி எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்துக் கிராணியாரின் (எழுத்தரின்) பேரன். அம்மாவைக் கண்டதும் எழுந்து நின்று, "பாட்டி, முட்டி வலி இப்ப தேவலையா?" என்று விசாரித்தவர், சில நிமிடங்கள் கழித்து என்னைப் பார்த்து, "இவங்கதான் கணக்குக்குச் சொந்தக்காரங்கன்னு உறுதிப்படுத்த முடியலீங்க அக்கா" என்றார். முட்டி வலி யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது; கணக்கு யாருடையது என்று மட்டும் தெரியவில்லை.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியலில் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கத்தியோடு காட்டுக்குள் போனால் மங்கு (பால் வடியும் கிண்ணம்) துடைப்பது, ஒட்டுப்பால் உரிப்பது, பாலை உறைய வைக்கிற ஆசிட்டைக் கையாள்வது என்று எல்லாமே வெறுங்கையால்தான். மைகார்டு என்ற சில்லு பதித்த அடையாள அட்டை 2001ஆம் ஆண்டு வந்தபோது இரண்டு கட்டை விரல்களின் ரேகையையும் எடுத்துச் சில்லில் பதிந்தார்கள். அன்றே பாதி அழிந்திருந்த ரேகை, இன்று முதுமையால் தோலும் உலர்ந்த பிறகு எப்படிப் பொருந்தும்? அன்றைக்குப் பணம் எடுக்காமலே வீடு திரும்பினோம்.

ஏழு இலக்கம்

மேலே எழுதிய அக்காவின் அம்மாவுக்காவது கணக்கு இருப்பதை ஒத்துக்கொண்டார்கள். என் அப்பாவின் சேமிப்புப் புத்தகத்தில் இருப்பது பழைய ஏழு இலக்க அடையாள அட்டை எண். 1990இல் பன்னிரண்டு இலக்க எண் வந்தபோது புத்தகத்தைக் கொண்டுபோய் மாற்ற வேண்டும் என்று தோட்டத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெயரிலும் சிக்கல் இருந்தது: புத்தகத்தில் தாத்தாவின் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருக்கிறது, அட்டையில் முழுப் பெயரும் இருக்கிறது, அதிலும் மலாய் எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடியிருக்கிறது.

முகப்பில் இருந்த பெண் பழைய எண் என்னவென்று கேட்டார். மறதி நோயால் என் பெயரையே சில நாட்களில் தடுமாறிச் சொல்லும் அப்பா, அந்த ஏழு இலக்கங்களையும் பிரட்டுக் களத்தில் கங்காணியிடம் ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து நின்று ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பெண் தட்டச்சு செய்து பார்த்துவிட்டு, அப்படியோர் எண் கணினியில் இல்லை என்றார்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரன்

மேலே எழுதிய இருவரின் வேதனையும் புரிகிறது. ஆனால் முகப்பில் அமர்ந்திருப்பவரைக் குற்றவாளியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மூத்த மகள் அவர்களே, அந்தப் பையன் உங்கள் அம்மாவை அறிந்திருந்தது உண்மைதான். ஆனால் அறிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் கொடுக்கலாம் என்று விதி இருந்தால், கிளையில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்தவர்கள் ஒரு வரிசையிலும் தெரியாதவர்கள் இன்னொரு வரிசையிலும் நிற்க வேண்டியிருக்கும். நம் மக்களில் எத்தனை பேர் எந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் பணியில் இருந்தபோது ஒரு மூதாட்டியை அவருடைய "தங்கை மகன்" அழைத்து வந்தான். அட்டை சரி, புத்தகம் சரி, ரேகையும் சரி. கணக்கை முழுவதுமாகக் காலி செய்ய வேண்டும் என்றான். எதற்காக என்று அந்த அம்மாவைக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்கு முன் அவன் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே நான் பரிவர்த்தனையை நிறுத்தி, அவரைத் தனியாக அறைக்குள் அழைத்துப் பேசினேன். அவன் அவருக்கு எந்த உறவும் இல்லை.

இனி, இதைப் படிக்கும் எல்லோருக்கும் சில ஆலோசனைகள். ரேகை பொருந்தாதவர்கள் போவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே இரவில் கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வரட்டும். அடையாள அட்டை வழங்கும் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் ரேகையைப் புதிதாக எடுத்து அட்டையை மாற்றிக்கொள்ளட்டும். கருவி மறுத்தால் கிளை மேலாளரைப் பாருங்கள். நான் இருந்த கிளையில் பிறப்புச் சான்றிதழையும் கையெழுத்து மாதிரியையும் ஒப்பிட்டு, இரண்டு அதிகாரிகள் ஒப்பமிட்டுப் பணம் கொடுத்திருக்கிறோம். ஏழு இலக்கத்தார் அவர்களே, உங்கள் அப்பாவின் கணக்கு தொலைந்திருக்காது. ஏழு ஆண்டுகள் யாரும் தொடாத சேமிப்புக் கணக்கின் பணத்தை, 1965ஆம் ஆண்டின் உரிமை கோரப்படாத பணச் சட்டத்தின்படி வங்கி அரசின் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடும். தேசியத் தலைமைக் கணக்காளர் துறையின் இ-குமிஸ் என்ற இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம், பழைய எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். உரிமையாளரோ வாரிசோ பிறகும் அதைக் கோர முடியும். இதை முடித்துத் தருவதாகச் சொல்லிப் பங்கு கேட்கும் தரகர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் அட்டையின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பணம் பறிபோயிருந்தால், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கு உடனே அழையுங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். பெற்றோரின் பெயர் புத்தகத்திலும் அட்டையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். அவர்கள் நடமாடும்போது செய்ய வேண்டிய வேலை இது.

செவ்வட்டை மருமகள்

ஐயா, பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வரச் சொல்கிறீர்கள். என் மாமியார் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) மருத்துவச்சி கையால் பிறந்தவர். அந்தப் பிறப்பை யாரும் பதியவில்லை. அதனால்தான் இன்றும் அவரிடம் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. கணக்கைப் புதுப்பிக்கப் போனபோது புதிதாக வந்திருந்த ஓர் இளைஞர் அட்டையின் நிறத்தைப் பார்த்ததும் கடப்பிதழைக் (பாஸ்போர்ட்டை) கேட்டார். மாமியாருக்குச் சொல் விளங்கவில்லை. நான் விளக்கியதும், "எந்த நாட்டுக் கடப்பிதழ் வேணும்னு தம்பியைக் கேளு" என்றார். கேட்டேன். அவரிடமும் பதில் இல்லை.

பழைய எண்

நீங்கள் எல்லோரும் முகப்பைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் முகப்புக்கே போக வேண்டாம் என்று கைப்பேசிச் செயலிக்கு மாறியவன். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் குறுஞ்செய்தி வழியாக வரும் கடவு எண்ணைக் கைவிடும்படியும், ஒருவர் ஒரே ஒரு கைப்பேசியில்தான் அனுமதி அளிக்க இயல வேண்டும் என்றும் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. மோசடிக்காரர்களைத் தடுக்க அது தேவையான ஏற்பாடு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் என் கைப்பேசி செம்பனைக் காட்டு வடிகாலில் விழுந்து போனது. புதிய கைப்பேசியைப் பதிய வேண்டுமென்றால் வங்கியில் பதிவாகியுள்ள எண்ணுக்குச் செய்தி வர வேண்டும். அந்த எண்ணோ பணம் நிரப்பாததால் எப்போதோ காலாவதியாகிவிட்டிருந்தது.

அந்த எண்ணுக்கு நானே அழைத்துப் பார்த்தேன். ஒரு மலாய்க்காரப் பெண் எடுத்தார், குரலில் கிளந்தான் வாடை. என் பெயரைச் சொன்னதும், "ஓ, அது நீங்கள்தானா? உங்கள் வங்கியிலிருந்து எனக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது" என்று சிரித்தார். நல்ல பெண்மணி, எதையும் தொடாமல் அழித்துவிடுவதாகச் சொன்னார். ஆனால் என் வங்கியின் கண்ணுக்கு அன்றைக்கு அவர்தான் நான். முகப்புக்குப் போய் எண்ணை மாற்றும் வரை, கண்ணால் காணாத ஒருவரின் நேர்மையை நம்பி என் சம்பளம் அந்தக் கணக்கில் கிடந்தது.

நடக்க முடியாதவரின் மகன்

வங்கிக்கார ஐயாவின் பட்டியலை இரண்டு முறை படித்தேன். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் நடக்க முடிந்தவருக்கானது. என் அப்பாவை பக்கவாதத்துக்குப் பிறகு பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வங்கியின் படிகளில் ஏறினோம். காவலாளியும் ஒரு கை கொடுத்தார். மடங்கிப் போன விரல்களை அதிகாரி ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கருவியில் அழுத்தியபோது அப்பா வலியால் முனகினார். வரிசையில் இருந்த எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மருத்துவச் செலவுக்கு அவருடைய பணத்தையே எடுக்கப் போயிருந்தோம்.

ஆலோசனை சொல்வதென்றால் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே வந்து அட்டை வேலையை முடித்துக் கொடுக்க மேகார் என்ற திட்டம் பதிவிலாகாவில் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், பொறுமையாகச் செய்தார்கள். ஓர் அரசுத் துறையால் தோட்டத்துக்குள் வர முடிகிறது. அதே பாதையில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் வங்கியால் ஏன் முடியாது என்று மேலாளரைக் கேட்டேன். பரிசீலிப்பதாகச் சொன்னார்.

மூத்த மகள்

வங்கிக்கார ஐயாவுக்கு: அம்மா எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டார், பலனில்லை. பதிவிலாகாவில் ரேகையைப் புதிதாக எடுத்தார்கள், அங்கிருந்த அலுவலரே இது தேறுவது கடினம் என்றுதான் சொல்லி அனுப்பினார். நான் கிராணியார் பேரனைக் குறை சொல்லவில்லை. அவர் முகம் சுருங்கிப் போனதை நான்தான் நேரில் பார்த்தேன். விதியே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்கள் கதையில் அந்த மூதாட்டியைக் காப்பாற்றியது எது? ரேகை சரியாகப் பொருந்தியிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்தீர்கள், தனியாக அழைத்துப் பேசினீர்கள். ரேகை தேய்ந்தவர்களுக்கும் அந்தப் பேச்சு கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. உங்கள் கிளையில் இரண்டு அதிகாரிகள் ஒப்பமிட்டுக் கொடுத்த அந்த வழி, மேலாளரின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல், கேட்காமலே முகப்பில் சொல்லப்பட வேண்டும்.

இதையே கடிதமாக எழுதிக் கிளை மேலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கியிருக்கிறேன். வங்கியின் பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பேங்க் நெகாராவின் பொதுமக்கள் தொடர்பு மையத்துக்கு நகலை அனுப்புவேன். செவ்வட்டை மருமகளும் நடக்க முடியாதவரின் மகனும் தங்கள் அனுபவத்தைத் தேதியோடு எழுதித் தந்தால் கடிதத்தோடு இணைத்துக்கொள்கிறேன். அடையாள அட்டை எண்ணை மட்டும் அதில் எழுதாதீர்கள்.