பெரிய வீடு குரூப்பில் வேகன் ஆர் பஞ்சாயத்து

சனி, ஒக்டோபர் 4

குமார் (9.42): [படம்] [படம்]
இத பாருங்க எல்லாரும். போனட்டும் கூரையும் சிலந்தி வலை மாதிரி கீறிக் கிடக்கு. ரெண்டு நாளா ஒரே பனி, தெரியல. இன்னைக்கு வெயில் அடிச்சதும் பாத்தா வயிறு எரியுது.

குமார் (9.43): போன கிழமை டவுன்ல ஒரு சர்வீஸ் ஸ்டேஷன்ல கழுவக் குடுத்தேன். எந்த மாடு தேச்சுதோ. இன்னைக்கு போய் ரெண்டுல ஒண்ணு கேக்காம விடமாட்டேன்.

சாந்தி அக்கா (9.50): ஐயோ தம்பி. கண்ணுக்குள்ள வச்சிருந்தியேடா

பெரிய மாமா (9.51): எனக்கு படத்துல ஒண்ணும் தெரியல. வெள்ளையா இருக்கு.

குமார் (10.35): அட்டன்ல ஒரு கராஜ்ல காட்டினேன் மாமா. போனட் 28,000. கூரை 35,000. அதோட இடது பக்க பின் கதவுல தோட்டத்து மதில் உரசினது இருக்குல்ல, அதுக்கு 45,000. மொத்தம் 108,000.

குமார் (10.36): "முழுசா அடிச்சா 240,000, புது வண்டியா ஆக்கித் தாறேன் சேர்"னு வேற சொல்லுறாரு. லீசிங் கட்டுறதா, இத கட்டுறதா?

தர்ஷி (10.38): அட்வான்ஸ் ஒண்ணும் குடுத்துராதீங்க!!

ராஜா மச்சான் (10.52): மச்சான், நில்லு. கம்பளையில ஒரு பம்பருக்கு இப்பதான் லெக்கர் அடிச்சு முடிச்சேன், கை கழுவிட்டு வந்து சொல்லுறேன். சாவிய அங்க குடுத்துராத.

பெரிய மாமா (10.55): இன்சூரன்ஸ் எதுக்கு கட்டுறோம்? ஃபுல் இன்சூரன்ஸ்தானே. போட்டு எடு.

ராஜா மச்சான் (11.04): அப்பா, துணி போட்டு தேச்ச கீறலுக்கு யாரு இன்சூரன்ஸ் குடுப்பா? அது எக்சிடன்ட் இல்ல. கதவு உரசினதுக்கு கேக்கலாம். ஆனா ஒரு கிளெய்ம் போட்டா நோ கிளெய்ம் போனஸ் குறையும். அடுத்த வருஷம் கட்டுறது கூடும். கிடைக்கிறதையும் கூடுறதையும் கணக்குப் பாத்துட்டுத்தான் போடணும்.

ராஜா மச்சான் (11.06): குமார், நகத்த வச்சு போனட் கீறலுக்கு குறுக்க மெதுவா இழு. மாட்டுதா?

குமார் (11.09): மாட்டல. வழுக்கிட்டு போகுது.

ராஜா மச்சான் (11.09): கொஞ்சம் தண்ணி ஊத்து.

குமார் (11.11): அட, மறைஞ்சிருச்சு!! காஞ்சதும் திரும்ப வருது.

ராஜா மச்சான் (11.11): கதவு?

குமார் (11.13): கதவுல நகம் மாட்டுது. ஒரு இடத்துல தகரம் தெரியுது, லேசா மஞ்சள் பூத்த மாதிரி.

ராஜா மச்சான் (11.21): அப்ப கதவு மட்டும்தான் உண்மையான நோய். மிச்சம் ரெண்டும் தோல்ல கீறினது.
கேட்டுக்க. கம்பனியில அடிக்கிற பெயின்ட் மொத்தமே 100, 120 மைக்ரோன்தான். தகரத்துல முதல்ல துரு புடிக்காத பூச்சு, அதுக்கு மேல பிரைமர், அப்புறம் கலர், எல்லாத்துக்கும் மேல நிறமில்லாத பளபளப்பு பூச்சு, அதான் லெக்கர். லெக்கர் மட்டும் ஒரு 40 மைக்ரோன் வரும். தலைமயிர் ஒண்ணுல பாதி தடிப்புதான். உன் கீறல் அந்த லெக்கர்லயே நின்னுருச்சு, அதான் தண்ணி ஊத்தினா நிரம்பி மறையுது. அதுக்கு கட் அண்ட் பொலிஷ் போதும். கொம்பவுண்ட்ங்கிற தேய்க்கிற பசை போட்டு மிசின்ல தேச்சா ரெண்டு மூணு மைக்ரோன் போகும், அதோட கீறலும் போகும்.

ராஜா மச்சான் (11.22): ஆனா அதையும் வருஷா வருஷம் பண்ணாத. லெக்கர் என்ன ஊற்றா, ஊறி வர்றதுக்கு?

குமார் (11.24): அப்ப அந்த கராஜ் பாஸ் ஏன் அடிக்கணும்ங்கிறாரு?

ராஜா மச்சான் (11.26): போனட்டும் கூரையும் அடிச்சா 63,000. தேச்சா 15,000. நீயே சொல்லு.
எல்லாரையும் சொல்லல, சில பேருக்கு நல்ல பொலிஷ் மிசின் கிடையாது. கையில இருக்கிறது ஸ்பிரே கன். அதனால எல்லா வருத்தத்துக்கும் அதே மருந்து.

ராஜா மச்சான் (11.30): இன்னொண்ணு. வண்டி விக்கிற விளம்பரத்துல 'ஒரிஜினல் பெயின்ட்'னு ஏன் போடுறாங்க? 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்தாங்க. பழைய வண்டியெல்லாம் தங்கமா போச்சு. இப்ப வாங்க வர்றவன் கையில மைக்ரோன் மீட்டரோட வர்றான். கூரையில வச்சு 300 காட்டினா, "இது பிரண்ட வண்டி"ன்னு சொல்லி லெச்சக்கணக்குல குறைப்பான். சும்மா இருக்கிற கூரைக்கு பெயின்ட் அடிச்சு நீயே உன் விலைய குறைச்சுக்காத.

சாந்தி அக்கா (11.41): ராஜா, இங்க வத்தளையில எங்க பக்கத்து வீட்டுக்காரர் செரமிக் கோட்டிங் போட்டாரு. 75,000. 5 வருஷம் கெரண்டி. கண்ணாடி மாதிரி இருக்கு. 9எச்சாம், கத்தியால கீறினாலும் விழாதாம். தம்பிக்கும் அதையே போடலாமே?

ராஜா மச்சான் (11.49): அக்கா, அந்த 9எச் பென்சில் கணக்கு. எச்பி பென்சில், 2எச் பென்சில் இருக்குல்ல, அந்த வரிசையில 9எச் பென்சிலால கீறினாலும் விழாதுங்கிறதுதான். கத்தி கதையெல்லாம் விக்கிறவன் வாயில இருந்து வர்றது.
செரமிக் நல்ல சாமான்தான், இல்லேங்கல. சிலிக்கா. தண்ணி நிக்காம உருண்டு ஓடும், சேறு சீக்கிரம் கழண்டு வரும், பறவை எச்சம் உடனே லெக்கர அரிக்காது. ஆனா கல்லு தெறிச்சா நிக்காது. மதில்ல உரசினாலும் நிக்காது. கீறலோட மேல போட்டா கீறலையும் சேத்து 5 வருஷம் பத்திரமா வச்சிருக்கும் 😂 முதல்ல பொலிஷ் பண்ணித்தான் போடணும். பொதுவா கெரண்டி வேணும்னா வருஷத்துக்கு ஒருக்கா அவங்ககிட்டயே போய் காசு கட்டி காட்டணும்.

சாந்தி அக்கா (11.51): அத அவரு சொல்லலியே

ராஜா மச்சான் (11.54): போட்டதும் ஒரு நாள் முழுக்க தண்ணி படக்கூடாது. ஒரு கிழமைக்கு சோப் போட்டு கழுவவும் கூடாது. வத்தளையில ஏலும். ஒக்டோபர்ல தலவாக்கலையில பின்னேரம் 2 மணிக்கு மேல மழை இல்லாத நாள் எத்தனை?

பிரியா (12.02): கம்பஸ்ல இருந்து வணக்கம். ஒரு ஃபில்ம் ஒட்டுவாங்களே, அது?

ராஜா மச்சான் (12.05): பீபீஎஃப். அதுதான் கல்லுக்கு நிக்கும், கிட்டத்தட்ட 200 மைக்ரோன் பிளாஸ்டிக். சின்ன கீறல் விழுந்தா வெயில் சூட்டுல தானா ஆறும். ஆனா முழு வண்டிக்கும் போட்ட பில் ஒண்ணு பாத்தேன், 450,000. குமார், உனக்கு வேணாம்.

பெரிய மாமா (12.10): நான் 26 வருஷம் தோட்டத்து லொறி ஓட்டினவன். மண்ணெண்ணெய்ல துணிய நனைச்சு ஒரு தொடை. பளபளன்னு நிக்கும். ஒரு மைக்ரோனும் பாத்ததில்ல.

ராஜா மச்சான் (12.11): அந்த லொறி என்ன கலர்னு கேளுங்க இவர்கிட்ட.

பெரிய மாமா (12.13): வாங்கும்போது பச்சை.

தர்ஷி (12.14): 😂😂😂

பெரிய மாமா (12.15): அதுவும் வெயில்ல போனது. நம்ம பக்கம் வெயிலே இல்லேங்கிறீங்க, ஆனா வெளுத்துதான் போச்சு.

பிரியா (12.20): மாமா சொல்றது சரிதான். உயரம் 1,000 மீற்றர் கூடக் கூட யூவி 10 வீதம் அளவுல கூடும். நுவரெலியா 1,868 மீற்றர். குளிரா இருக்கிறதால வெயில் சுடல, ஆனா பெயின்ட்ட விடாது.

குமார் (12.24): சரி ராஜா, கதவுக்கு வா. ஒரு சாண் கீறல். அதுக்கு 45,000 எப்பிடி வரும்?

ராஜா மச்சான் (12.37): அதுல அந்த பாஸ் பெருசா ஏமாத்தல. உன்னோடது பேர்ல் வெள்ளை. சாதா வெள்ளையில ஒரு கலர், ஒரு லெக்கர், முடிஞ்சுது. பேர்ல்ல வெள்ளை பேஸ், அதுக்கு மேல பேர்ல், அதுக்கு மேல லெக்கர், மூணு வேலை. பேர்ல் ஒரு கோட் கூடினா மஞ்சளடிக்கும், குறைஞ்சா சுண்ணாம்பு மாதிரி நிக்கும். கதவோட கோடு கிழிச்ச மாதிரி நிப்பாட்டினா வெயில்ல அந்தக் கதவு மட்டும் வேற வண்டிக் கதவு மாதிரி தெரியும். அதனால முன் கதவுக்கும் பின் பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா கலைச்சு விடணும், லெக்கர் அங்கயும் முழுசா அடிக்கணும். ஒரு கதவுன்னு நீ நினைக்கிற, சாமான் போறது ரெண்டரை கதவுக்கு.
கலர் நம்பர் கதவு தூண் பக்கம் இல்லாட்டி போனட்டுக்குள்ள ஒரு பிளேட்ல இருக்கும். படம் எடுத்து அனுப்பு. நம்பர் இருந்தாலும் பழைய வண்டி வெளுத்திருக்கும், அதனால ஒரு தகரத் துண்டுல அடிச்சு வண்டியோட வச்சுப் பாத்துட்டுத்தான் நான் கலக்குவேன்.

குமார் (12.40): உங்க இடத்துல எவ்வளவு?

ராஜா மச்சான் (12.42): முதலாளிகிட்ட கேட்டேன். 38,000. பூத்ல, பெயின்ட் அடிக்கிற மூடின அறையில, 60 பாகையில சூடு வச்சு காய வைக்கிறோம். அந்த கராஜ்ல பூத் இருந்துச்சா?

குமார் (12.43): தார்ப்பாய் கட்டியிருந்தாங்க.

ராஜா மச்சான் (12.47): அப்ப இந்த மாசம் அங்க அடிக்கவே அடிக்காத. தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிரும், காத்துல இருக்கிற ஈரம் அதுல வந்து உக்காரும். லெக்கர் பால் கொட்டின மாதிரி வெளுத்துரும். அப்புறம் அதத் தேச்சு திரும்ப அடிக்கிறதுக்கும் நீதான் காசு குடுக்கணும்.

குமார் (12.49): டிசம்பர் லீவுல கொண்டு வாறேன். அதுக்குள்ள துரு?

சாந்தி அக்கா (12.50): நெயில் பொலிஷ் போட்டு விடு தம்பி, வெள்ளை

ராஜா மச்சான் (12.52): அக்கா சிரிக்காதீங்க, சில பேர் செய்றாங்க. நான் அப்புறம் அத சுரண்டணும். டச் அப் சின்ன போத்தல்ல கலந்து தாறேன், 1,500 ரூவா. முதல்ல அந்த மஞ்சளை 1000 நம்பர் சேண்ட் பேப்பரால மெதுவா எடு, பிரைமர் ஒரு துளி, காஞ்சதும் கலர். அழகா இருக்காது. துரு நிக்கும்.

பிரியா (1.15): நேத்து வரும்போது அனுப்ப மறந்துட்டேன், ஆயுத பூஜை படங்கள்
[படம்] [படம்] [படம்] [படம்]

சாந்தி அக்கா (1.18): அப்பா வேட்டியில எவ்வளவு அழகு!! காருக்கு சந்தனப் பொட்டு சூப்பர்

தர்ஷி (1.19): எலுமிச்சம்பழம் நசுங்கினதும் மாமா கைதட்டினது ஞாபகம் இருக்கா

ராஜா மச்சான் (1.26): மூணாவது படம். தண்ணிப் பீலி பக்கத்துல மாமா, குமாரோட அப்பா, கார் கழுவுறாரு. அந்த வாளி விளிம்புல பச்சையா என்ன?

பிரியா (1.27): எது

ராஜா மச்சான் (1.27): பெருசாக்கிப் பாரு.

பிரியா (1.29): ...

தர்ஷி (1.30): அது குசினியில பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரபர்

குமார் (1.31): என்னா????

பெரிய மாமா (1.33): நான் மண்ணெண்ணெய்னாலும் துணிதான் போட்டேன்.

குமார்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரியா (1.36): அண்ணே, காலையில போட்ட 'எந்த மாடு' அப்பிடியே இருக்கு. நான் போட்ட படத்துல பாத்தேன், அப்பாவுக்கு ரெண்டு நீலக் கோடு விழுந்திருக்கு.

குமார் (1.37): இனி அழிச்சு என்னடி, அவர் பாத்துட்டாரே!

அம்மா (1.58): குமார் நீ ஏசாத. பூஜை அன்னைக்கு விடிய 5 மணிக்கு எழும்பி, அந்தக் குளிர்ல தண்ணி மொண்டு மொண்டு உன் காரத்தான் கழுவினாரு. நான் கூட காப்பி குடிச்சிட்டு போங்கன்னேன். கேக்கல. இப்ப தேயிலை பக்கம் போய் நிக்கிறாரு, சாப்பிட வரல.

குமார் (1.59): நான் ஏசல அம்மா. நான் அந்த சர்வீஸ் ஸ்டேஷன்ல போய் கத்திட்டு வந்துட்டேன். அதுக்கு என்ன பண்றது?

தர்ஷி (2.00): நாளைக்கு பணியாரம் கொண்டுபோய் குடுத்துட்டு வருவோம்.

அப்பா (2.21): தம்பி கருப்பு கருப்பா புள்ளி இருந்துச்சு. ரோட்டு தார். டர்பன்டைன் மரத்து பிசினும் கூரையில இருந்துச்சு. சாமிக்கு முன்னாடி அப்பிடி நிப்பாட்ட மனசு வரல. துணியில போகல அதான்.

ராஜா மச்சான் (2.25): மாமா, அது எல்லாருக்கும் வர்றதுதான். தாருக்கு மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு துணியில தொட்டு, புள்ளியில மட்டும் ஊற வச்சு மெதுவா துடைச்சு, உடனே சோப் தண்ணியில கழுவிரணும்.

பெரிய மாமா (2.26): அப்பிடி வா வழிக்கு

ராஜா மச்சான் (2.27): புள்ளிக்கு மட்டும்னேன் அப்பா. லொறி முழுக்க இல்ல.

ராஜா மச்சான் (2.31): இனிமே கழுவும்போது ரெண்டு வாளி வைங்க மாமா, ஒண்ணுல சோப், ஒண்ணுல அலச. முதல்ல வெறும் தண்ணி ஊத்தி மண்ண இறக்கிட்டுத்தான் கை வைக்கணும். மழைக்கு பீலித் தண்ணியில மணல் வரும், கொஞ்ச நேரம் தெளிய விடுங்க. பாத்திரம் கழுவுற சோப் வேணாம், மெழுகையும் சேத்து எடுத்துரும். மைக்ரோஃபைபர் துணி ரெண்டு தாறேன்.

அப்பா (2.34): 15,000த்த நான் தாறேன் தம்பி. பென்சன் வந்திருக்கு.

குமார் (2.35): வேணாம்ப்பா. வந்து சாப்பிடுங்க. நான் இன்னும் அரை மணித்தியாலத்துல வீட்டுல.

குமார் (2.36): காச விடுங்க. அந்த டர்பன்டைன் மரத்துக்கு அடியில நிப்பாட்டுறதுதான் பிரச்சினை. பிசின், பறவை எச்சம், மழை எல்லாம் கூரையிலதான். ராஜா, ஒரு கொட்டகை போட்டா செரமிக் தேவையா?

ராஜா மச்சான் (2.39): கொட்டகையும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரு டின் மெழுகும் போதும். மழைக்காலத்துல மெழுகு சீக்கிரம் போகும், தண்ணி உருளாம பரவி நின்னா திரும்ப போடு. முழுசா மூடுற கவர் மட்டும் வாங்கிராத, காத்துக்கு ஆடி ஆடி அதுவே தேச்சுரும்.

அப்பா (2.47): நாலு சவுக்கு கம்பு இருக்கு. தகரம் ஆறு இருக்கு, பின்னாடி சாத்தி வச்சிருக்கேன். நாளைக்கே போட்டுரலாம்.

அம்மா (2.48): அது கோழிக்கூட்டுக்கு வாங்கின தகரம்.

அப்பா (2.49): கோழி நனைஞ்சா காயும்.

அம்மா (2.50): தகரத்துல கை வச்சுப் பாருங்க.