குரோமா கீ: 'நிறச்சாவி' வேண்டாம், 'குறிநிற நீக்கம்' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம். வீடியோவில் ஒரு நிறப் பின்னணியை நீக்கி அங்கே வேறு படத்தைக் காட்டும் 'குரோமா கீ' வசதிக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம் அல்லவா, அதில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> கீ என்றால் சாவிதானே? நிறச்சாவி என்றே போட்டுவிடலாம்.

தயவுசெய்து வேண்டாம். ஓபிஎஸ் என்ற வீடியோ பதிவு மென்பொருளின் வடிகட்டிகள் (ஃபில்டர்) பட்டியலில் 'நிறச்சாவி' என்று பார்க்கும் ஒருவர், எதையோ பூட்டித் திறக்கும் வசதி என்றுதான் நினைப்பார். இங்கே நடப்பது வேறு. ஒரு நிறத்தைக் காட்டி, படத்தில் அந்த நிறம் இருக்கும் இடத்தையெல்லாம் ஓட்டையாக்கச் சொல்கிறோம். அந்த ஓட்டை வழியே அடியில் வைத்த படம் தெரிகிறது.

> ஸ்டுடியோக்களில் 'கிரீன் மேட்' என்கிறார்கள். பச்சைத்திரை எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் அது துணியின் பெயர். நமக்கு வேண்டியது செயலின் பெயர். அந்தத் துணி பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1940இல் வந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் லாரி பட்லர் பயன்படுத்தியது நீலத்திரை. டிஜிட்டல் கேமராவில் பச்சை முந்திக்கொண்டதற்கு ஒளியைப் பதிவு செய்யும் அதன் உணரி (சென்சார்) ஒரு முக்கியக் காரணம். உணரியில் நிறப் புள்ளிகளை அடுக்கும் பேயர் அமைப்பில் சிவப்புக்கு ஒரு புள்ளி, நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு மட்டும் இரண்டு. அதனால் பச்சையில் விவரம் கூடுதல், இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் பிசிறு) குறைவு. ஆனாலும் பேசுபவர் கிளிப்பச்சையில் உடுத்தி வந்துவிட்டால் நீலத்துக்குத்தான் போக வேண்டும். நான் தொகுத்த ஒரு பாட வீடியோவில் ஆசிரியையின் சேலைக் கரை பச்சை. கரை இருந்த இடமெல்லாம் பின்னால் வைத்த வரைபடம் தெரிந்தது. அந்தக் கரையை மீட்கவே அரை நாள் போனது.

> நிறநீக்கம்?

நானும் முதலில் இதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்குவதும் நிறநீக்கம்தானே? 'நிறவெட்டு' என்றால் தொகுப்பாளர் தினமும் சொல்லும் வெட்டோடு குழம்பும். 'நிறப்பிரிப்பு' அச்சுத் தொழிலுக்குரியது. 'பின்னணி நீக்கம்' என்பதை, திரையே இல்லாமல் ஆளை மட்டும் பிரித்தெடுக்கும் இன்றைய வசதிக்கு விட்டுவைக்க வேண்டும்.

குறை எங்கே என்று யோசித்தால், 'கீ' என்பதன் பொருளை நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை. எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளம்தான் இங்கே கீ. தமிழில் அதற்குக் 'குறி' இருக்கிறது. கீவேர்டைக் குறிச்சொல் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். ஆகவே நீக்குவதற்காகத் தேர்ந்த நிறம் குறிநிறம், செயல் குறிநிற நீக்கம். 'குறிநிறத்தை மாற்று', 'குறிநிறம்: நீலம்' என்று பொத்தானிலும் பட்டியலிலும் இயல்பாக உட்காருகிறது. வெளிச்ச அளவைப் பார்த்து நீக்கும் லூமா கீயைக் குறியொளி நீக்கம் எனலாம். ஒரு சொல் தன் உறவுக்காரச் சொற்களையும் கூட்டிக்கொண்டு வந்தால்தான் அது நிலைக்கும் என்று நம்புகிறேன்.

அப்புறம், கலர் கீ. ஓபிஎஸ்ஸில் இது தனி வடிகட்டி, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளிலும் தனி. எஃப்எஃப்எம்பெக்கில் கலர்கீ சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் சேர்த்துப் பார்க்கும். குரோமாகீ வெளிச்சத்தை ஒதுக்கிவிட்டு நிறத்தன்மையை மட்டும் பார்க்கும். திரையில் சுருக்கம் விழுந்து நிழல் தட்டினால் வெளிச்சம் குறைகிறது, நிறத்தன்மை அந்த அளவுக்கு மாறுவதில்லை. சுருங்கிய துணிக்குக் குரோமா கீ பெரும்பாலும் கைகொடுப்பது இதனால்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பயனர் தவறானதைத் தேர்ந்துவிட்டு மணிக்கணக்கில் போராடுவார். கலர் கீக்கு 'முந்நிறக் குறிநீக்கம்' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாராவது சொன்னால் மகிழ்ச்சி.

> ஸ்பில் – கசிவு.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எதுவும் கசிவதில்லை. திரையில் பட்டுத் திரும்பும் பச்சை ஒளி தோளிலும் முடியோரத்திலும் வந்து படிகிறது. 'முகத்துல பச்சை அடிக்குது' என்றுதான் படப்பிடிப்பில் சொல்வோம். அதனால் 'நிறப்படிவு' என்கிறேன். 'குறிநிறப் படிவைக் குறை' என்று எழுதிப் பாருங்கள், வேலை புரிந்துவிடும். தொகுப்பு மேசையில் தினமும் உட்காருகிறவர்கள் இதற்கு வேறு சொல் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்ளலாம், எழுதுங்கள்.