வியாழன் படத்தில் ஏஐ ஷார்ப்பனிங்: படமா, கற்பனையா?

மொட்டைமாடி_மதுரை:
நேற்று ராத்திரி எடுத்த வியாழன். 8 இஞ்ச் எஃப்/6 டாப்சோனியன் தொலைநோக்கி, அடியில் பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் ஈக்குவடோரியல் பிளாட்ஃபார்ம், பெரிதாக்க 2.5 எக்ஸ் பார்லோ லென்ஸ், 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள கலர் கேமரா. ஃபயர்கேப்ச்சர் சாஃப்ட்வேரில் 3 நிமிட வீடியோ, 10 மில்லிசெகண்ட் எக்ஸ்போஷர், சுமார் 18,000 ஃபிரேம். ஆட்டோஸ்டாக்கர்ட்டில் நல்ல 20 சதவீதத்தை மட்டும் அடுக்கி, ரெஜிஸ்டாக்ஸில் லேசாக வேவ்லெட் (விவரங்களை அளவுவாரியாகப் பிரித்துக் கூர்மையாக்கும் முறை), கடைசியில் ஒரு ஏஐ ஷார்ப்பனர். பெரிய சிவப்புப் புள்ளிக்குள் (வியாழனின் ராட்சதப் புயல்) சுழல் தெரிவதைப் பாருங்கள்! கலர் கொஞ்சம் மஞ்சளடிக்கிறதா?

சனிப்பெயர்ச்சி:
கலரை விடுங்கள். அந்தச் சுழல் உங்கள் கேமராவில் விழுந்ததா, சாஃப்ட்வேர் வரைந்ததா?

கணக்குப் போடுவோம். உங்கள் செட்டப்பில் ஒரு பிக்சலுக்கு 0.2 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு). வியாழன் மொத்தமும் 235 பிக்சல் அகலம். சிவப்புப் புள்ளிக்கு அதில் 25 பிக்சல்கூடக் கிடைக்காது. 8 இஞ்ச் கண்ணாடியின் டாஸ் எல்லை, அதாவது நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் எல்லை, 0.57 ஆர்க்செகண்ட், அதாவது ஏறக்குறைய 3 பிக்சல். ஆக, புள்ளியின் குறுக்கே உருப்படியாக எட்டு விவரம் பிடித்தாலே பெரிய விஷயம். உங்கள் படத்தில் அந்த இடத்தில் நான்கு சுற்றுச் சுருள், ஒவ்வொன்றுக்கும் கூரான விளிம்பு. எங்கிருந்து வந்தது?

கோவை_டாப்:
டாஸ் எல்லை இரட்டை விண்மீன்களைப் பிரித்துப் பார்ப்பதற்கான கணக்கு, கிரகத்துக்கு அப்படியே பொருந்தாது. சனியின் வளையத்தில் உள்ள காசினி இடைவெளியின் அகலம் சுமார் 0.7 ஆர்க்செகண்ட். 60 மில்லிமீட்டர் தொலைநோக்கியின் டாஸ் எல்லை 1.9. ஆனாலும் அந்தக் குட்டித் தொலைநோக்கியில் காசினி தெரிகிறதே, எப்படி?

இன்னொன்று. வேவ்லெட் போட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏஐ என்றதும் பஞ்சாயத்து. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடியில் கோளாறு என்று 1990-ல் தெரிந்தது, 1993 டிசம்பரில்தான் சரிசெய்தார்கள். நடுவில் வந்த படங்களை டீகன்வல்யூஷன் (மங்கலைக் கணக்குப் போட்டு நீக்கும் முறை) போட்டுத்தான் தேற்றினார்கள். அதுவும் பொய்யா? கோட்டை எந்த இடத்தில் போடுவீர்கள், சொல்லுங்கள்.

சனிப்பெயர்ச்சி:
காசினி, பளிச்சென்ற வளையத்துக்கு நடுவே ஓடும் கருப்புக் கோடு. கான்ட்ராஸ்ட் அதிகம், அதனால் தெரிகிறது. சிவப்புப் புள்ளிக்குள் இருப்பது சிவப்பின் மேல் சற்றே வேறு சிவப்பு. அங்கே எல்லை இன்னும் மோசமாகத்தான் ஆகும், உங்களுக்குச் சாதகமாகத் திரும்பாது.

கோடு எங்கே என்று கேட்டீர்கள். டீகன்வல்யூஷனுக்கு மங்கல் எப்படிப்பட்டது என்று மட்டும்தான் தெரியும். எதிரே இருப்பது வியாழனா, வாழைப்பழமா என்று அதற்குத் தெரியாது. ஏஐ-க்குத் தெரியும், ஆயிரக்கணக்கான கூர்மையான படங்களைப் பார்த்து வளர்ந்தது அது. 2023-ல் ஒரு ஃபோனின் நிலாப் படம் பற்றி இணையத்தில் பெரிய சண்டை நடந்தது. ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, மானிட்டரில் போட்டு, இருட்டறையில் அந்த ஃபோனால் எடுத்தார். மானிட்டரில் இல்லாத பள்ளங்களெல்லாம் ஃபோன் படத்தில் வந்தன. நான் சொல்லும் கோடு அதுதான்.

ஐபீஸ்_அய்யாசாமி:
தம்பிகளா, ஏஐ வருவதற்கு முன்பே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 1877-ல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி செவ்வாயில் கோடுகள் கண்டார். அப்புறம் அமெரிக்காவின் லோவெல், அங்கே ஃபிளாக்ஸ்டாஃபில் சொந்தச் செலவில் ஆய்வகம் கட்டி, வருஷக்கணக்காகக் கால்வாய்களுக்கு வரைபடம் போட்டார், பெயரும் வைத்தார். 1909-ல் அன்டோனியாடி என்ற வானியலாளர் பாரீஸுக்குப் பக்கத்தில் மூடோனில் 83 செ.மீ. தொலைநோக்கியில் காற்று அசையாத ராத்திரியில் பார்த்தார். கால்வாய் ஒன்றுகூட இல்லை, ஒழுங்கில்லாத திட்டுக்கள்தான். தனித்தனித் திட்டைக் கோடாக இழுத்துச் சேர்த்தது பார்த்தவர் மூளை. லோவெலுக்கு மண்டைக்குள்ளேயே ஷார்ப்பனர் ஓடியிருக்கிறது.

மதுரைத் தம்பிக்கு ஒரு யோசனை. மொட்டைமாடி கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்த வெயிலை நடுராத்திரி வரை கக்கும். குழாய்க்கு முன்னால் காற்று நெளிந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குப் பின்னால் மண்தரை இருந்தால் டாப்சோனியனை அங்கே இறக்குங்கள். கண்ணாடிக்குப் பின்னால் சின்ன ஃபேன் வைத்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள், அப்புறம் காலிமேஷன் (கண்ணாடிகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று) பாருங்கள். நம் ஊரில் இந்த சீசனில் வியாழன் கிட்டத்தட்ட உச்சிக்கே வருகிறது, ஐரோப்பாக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதைச் செய்தால் ஏஐ-யே தேவைப்படாது.

மொட்டைமாடி_மதுரை:
ஐயா, பின்னால் மண்தரை இல்லை, பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கிறது.

சனிப்பெயர்ச்சி சார், நான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை. பையன் அறையில் மாட்ட ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். சுவரில் இருக்கும் படத்துக்கு யார் சாட்சி கேட்கப்போகிறார்கள்?

சனிப்பெயர்ச்சி:
சுவரில் எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள். ஆனால் இங்கே "சுழல் தெரிவதைப் பாருங்கள்" என்றீர்கள். அது படத்தைப் பற்றிய பேச்சு இல்லை, வியாழனைப் பற்றிய பேச்சு.

இந்தப் பொழுதுபோக்கில் நமக்கு ஒரு மரியாதை இருக்கிறது. 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் ஆன்டனி வெஸ்லி தன் வீட்டிலிருந்து 14.5 இஞ்ச் தொலைநோக்கியில் வியாழனின் தென்துருவத்துக்கு அருகில் கரும்பொட்டு ஒன்றைப் பார்த்தார். வியாழனின் நிலவு ஒன்றின் நிழலோ என்று சந்தேகப்பட்டு, இருக்கும் இடமும் நகரும் விதமும் ஒத்துவராததால் தகவல் அனுப்பினார். ஹவாயில் நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி பார்த்து, ஏதோ மோதிய தழும்பு என்று உறுதி செய்தது. அவர் அந்த வீடியோவை வியாழன் 'எப்படி இருக்க வேண்டும்' என்று தெரிந்து வைத்திருக்கும் சாஃப்ட்வேரில் விட்டிருந்தால்? தூசி என்று துடைத்துப் போட்டிருக்கும்.

கோவை_டாப்:
இது ஊகம். வெஸ்லி பார்த்தது லேப்டாப்பில் நேரடியாக ஓடிய வீடியோவில். புராசஸிங் அதற்கு அப்புறம்தான்.

சிங்கை_சீயிங்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 18,000 ஃபிரேமில் ஒற்றைப்படை ஒரு ஸ்டாக், இரட்டைப்படை ஒரு ஸ்டாக். இரண்டையும் ஒரே செட்டிங்கில் ஏஐ-யில் விடுங்கள். இரண்டிலும் சுருள் ஒரே மாதிரி வந்தால் டேட்டாவில் ஏதோ இருக்கிறது. ஒன்றில் நாலு சுற்று, மற்றதில் மூன்று என்றால் படத்தில் உள்ள இரைச்சலை (தாறுமாறான புள்ளிகளை) பார்த்து ஏஐ கதை விட்டிருக்கிறது.

ஆனால் இதுவும் முழுச் சாட்சி இல்லை. சில பொய்கள் இரண்டிலும் ஒரே மாதிரி வரும். சனி படத்தில் வேவ்லெட்டை முறுக்கினால் 'ஏ' வளையத்தின் வெளி விளிம்பை ஒட்டி மெல்லிய கருங்கோடு விழும். "என்கே இடைவெளியைப் பிடித்துவிட்டேன்" என்று 8 இஞ்ச்காரர்கள் குதிப்பார்கள். உண்மையான என்கே, அந்த வளையத்துக்குள் இருக்கும் குறுகிய இடைவெளி, 325 கிலோமீட்டர் அகலம், பூமியிலிருந்து 0.05 ஆர்க்செகண்ட். பெரிய தொலைநோக்கியில் நல்ல ராத்திரியில் பிடித்தவர்கள் உண்டு, ஆனால் முறுக்கிய படத்தில் தெரியும் கோடு பெரும்பாலும் விளிம்பின் எதிரொலிதான். ஏஐ இல்லாத காலத்திலிருந்தே உள்ள பொய் இது. ஆக, பழைய முறை சுத்தம், புது முறை அழுக்கு என்று பிரிக்க முடியாது, சனிப்பெயர்ச்சி.

மதுரை நண்பருக்குத் தனியாக ஒன்று: வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று. நடுவில் உள்ள விவரம் நிமிடத்துக்குக் கால் ஆர்க்செகண்ட் நகர்கிறது. 3 நிமிடத்தில் 0.75, அதாவது உங்கள் கண்ணாடியின் எல்லையைத் தாண்டிய இழுவல். ஆட்டோஸ்டாக்கர்ட் கொஞ்சம் சமாளிக்கும், ஆனாலும் 2 நிமிடத்துக்குக் குறையுங்கள். இல்லையென்றால் 90 விநாடிக் கிளிப்புகளாக எடுத்து வின்ஜூபோஸ் சாஃப்ட்வேரில் சுழற்சியை நேராக்குங்கள். ஏஐ தேடும் கூர்மையில் பாதி அங்கேயே கிடைக்கும்.

கோவை_டாப்:
ஒரு சோதனை செய்தேன். ஹப்பிளின் வியாழன் படம் ஒன்றை 235 பிக்சலுக்குச் சுருக்கி, 8 இஞ்ச் அளவுக்கு மங்கலாக்கி, கொஞ்சம் இரைச்சல் தூவி, அதே ஷார்ப்பனரில் விட்டேன். பட்டைகள் அருமை, பெரும்பாலும் மூலத்தோடு ஒத்துப்போகின்றன. சிவப்புப் புள்ளியின் எல்லையும் சரி. தெற்கே வரிசையாக இருக்கும் வெள்ளை முட்டைகளில்தான் (முட்டை வடிவப் புயல்கள்) வித்தியாசம்: மூலத்தில் தனித்தனியாக இருந்த இரண்டை ஏஐ ஒன்றாக்கி, வால் வேறு வைத்திருக்கிறது. பெரிய விவரத்துக்கு நம்பலாம், சின்னதுக்குக் கூடாது. என் கட்சி தோற்றது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பட்டைகளை நான் எந்த வேவ்லெட்டிலும் இவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை.

சனிப்பெயர்ச்சி:
வால் வைத்த முட்டை! இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

சிங்கை_சீயிங்:
2019-ல் எம்87 கருந்துளைப் படம் வெளியிட்டவர்கள் நாலு குழுவாகப் பிரிந்து, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் அதே டேட்டாவைப் புராசஸ் செய்தார்கள். நாலிலும் அந்த வளையம் வந்த பிறகுதான் நம்பினார்கள். அதையே நாமும் செய்யலாம். மதுரை, அந்த எஸ்இஆர் ஃபைலை (மூல வீடியோவை) அப்படியே ஏற்றுங்கள். சனிப்பெயர்ச்சி வேவ்லெட்டில், கோவை ஏஐ-யில், நான் டீகன்வல்யூஷனில். படங்களை எனக்கு அனுப்புங்கள், ஒன்றாகப் போடுகிறேன்.

மொட்டைமாடி_மதுரை:
ஃபைல் 7 ஜிபிக்கு மேல். எங்கள் தெரு இணையத்தில் விடிய விடிய ஏறும். ஏற்றுகிறேன்.

ஐபீஸ்_அய்யாசாமி:
வீடியோ எடுத்த நேரத்தை யூடி-யில் (உலகப் பொது நேரத்தில்) சொல்லுங்கள் தம்பி. நேற்று நானும் ஐபீஸில் பார்த்துப் படம் வரைந்திருக்கிறேன். அதையும் பக்கத்தில் வையுங்கள்.

சனிப்பெயர்ச்சி:
நான் தயார். ஆனால் முடிவு எப்படி வந்தாலும், படத்துக்குக் கீழே "ஏஐ ஷார்ப்பனிங்" என்று எழுதித்தான் ஆக வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோவை_டாப்:
எழுதலாம். நீங்களும் வேவ்லெட்டை எத்தனை லேயரில் எவ்வளவு முறுக்கினீர்கள் என்று எழுதுங்கள்.