பில்லுக்காக வாங்கிய மின்னஞ்சல் முகவரிக்கு விளம்பரம் அனுப்பலாமா?

விளக்குத்தூண் கடைக்காரர் கேட்டது:
மதுரையில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறோம். வெளியூர்ப் பார்சல்களுக்கு பில்லும் கூரியர் எண்ணும் அனுப்புவதற்காக வாங்கி நோட்டில் எழுதி வைத்ததில், ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,800 மின்னஞ்சல் முகவரிகள் சேர்ந்துவிட்டன. சித்திரைத் திருவிழாவுக்கு வரும் புதுச் சரக்கை அறிவிக்கலாம் என்று, போன வாரம் என் சொந்த ஜிமெயிலிலிருந்து 150 பேருக்கு அனுப்பிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. ஓர் அம்மா, "பில்லுக்குத்தானே கொடுத்தேன்?" என்று எழுதியிருந்தார். மீதிப் பேருக்கும் அனுப்புவதா, விட்டுவிடுவதா?

திருமங்கலம் வாசகர்:
அந்த அம்மா கேட்டதைத்தான் சட்டமும் கேட்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எந்த நோக்கத்துக்காக ஒப்புதல் தரப்பட்டதோ அந்த நோக்கத்தோடு அது நின்றுவிடும். கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஆகவே 1,800 பேருக்கும் ஒரே ஒரு மடல் எழுதி, "புதுச் சரக்கு விவரம் வேண்டுமா?" என்று கேளுங்கள். பதில் எழுதாதவரைச் சம்மதித்தவராகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மின்னஞ்சல் சேவையகம் பராமரிப்பவர், கே.கே. நகர்:
அந்த ஒரு மடலுக்கும் நான் உடன்பட மாட்டேன், ஏனென்றால் அதுவும் கேட்காமல் போவதுதான். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்பது ஒருபுறம் இருக்க, 2024 பிப்ரவரி முதல் கூகுள் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, ஸ்பாம் (வேண்டாத மடல்) என்று புகார் செய்வோரின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூவர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே சிக்கல்தான். உங்கள் முகவரிக்கு இப்படிக் கெட்ட பெயர் வந்த பிறகு, நீங்கள் அனுப்பும் பில்லும் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழத் தொடங்கும். வியாபாரிக்கு அதைவிட நஷ்டம் வேறில்லை. கடையின் பெயரில் சொந்த டொமைன் (இணையப் பெயர்) வாங்கி, எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பு அமைப்புகளையும் அமைத்துக்கொள்ளுங்கள். மடல் உண்மையிலேயே உங்கள் கடையிலிருந்து வந்ததா என்று பெறுகிற சேவையகம் அவற்றை வைத்துத்தான் சரிபார்க்கிறது. திரும்பி வந்த முகவரிகளை இன்றே அடித்துவிடுங்கள். விருப்பத்தை, அடுத்த பில்லோடு ஒரு வரியாகக் கேட்டால் போதும்.

மேலூர் வாசகி:
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் சங்கத்தில் ஒருமுறை எல்லா முகவரிகளையும் 'டூ' (பெறுநர்) கட்டத்தில் போட்டு அனுப்பிவிட்டேன். யார் யார் உறுப்பினர் என்பது அனைவருக்கும் தெரிந்துபோனதோடு, ஒருவர் எல்லோருக்குமாகப் பதில் எழுத, அதற்கு இன்னொருவர் பதில் எழுத, இரண்டு நாள் ஓயவில்லை.

விளக்குத்தூண் கடைக்காரர்:
நன்றி. 1,800 பேருக்கும் எழுதும் எண்ணத்தைக் கைவிட்டேன். நோட்டில் 'சரக்கு விவரம் வேண்டும்' என்று ஒரு பத்தி புதிதாகக் கோடு போட்டு, தேதியோடு அவரவரையே எழுதச் சொல்கிறோம். நேற்று பில் போட்ட பதினொரு பேரில் நால்வர் எழுதினார்கள். அவர்களில் ஒருவர், "மாதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்" என்று பக்கத்திலேயே குறித்துவிட்டுப் போனார்.